பேப்பர் பெட்டியில் எழுதிய பெயர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் போட்டுவிடுவேன். சிலது மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நூலகத்தில் சனிக்கிழமை கூடும் பெண்கள், அந்தக் காலத்தில் தேரடிப் பக்கம் என்னென்ன கடைகள் இருந்தன என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். கடைகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் பேப்பர் பெட்டி ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. கடை என்றுகூட அதைச் சொல்ல முடியாது. அதை நினைத்தால் இத்தனை வயதிலும் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பெட்டியைச் செய்தவர் எங்களுக்குத் தறி செய்துகொடுத்த ஆசாரி. உடைந்த தறிக்கட்டைகளை வைத்தே செய்து, மேலே மழைக்குத் தகரம் அடித்துக் கொடுத்தார். நாலு குட்டைக் கால்கள், தூக்கித் திறக்கிற மூடி, பக்கத்தில் காசு போட ஒரு சந்து. பட்டு நூல் விலை ஏறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நூல் கொடுக்கிற முதலாளி வீட்டிலிருந்து பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல், சரியாக வராது. ஒரு சேலை அறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பாவுக்கு மாதக்கணக்கில் காத்திருப்போம். அந்த நாட்களுக்கு ஆகுமே என்று என் வீட்டுக்காரர் ஒரு ஏஜெண்டிடம் சொல்லிவைத்துப் பேப்பர் எடுத்தார். மெட்ராஸிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும். தேரடி மூலையில் பிளாட்பாரத்தின்மேல் இருந்த பெட்டியில் அதை அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்துவிடுவார். வேண்டியவர்கள் மூடியைத் தூக்கிப் பேப்பரை எடுத்துக்கொண்டு சந்தில் காசைப் போடுவார்கள். எல்லோரும் ஒழுங்காகப் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் திறந்தால் சட்டைப் பொத்தான்கூடக் கிடக்கும். ஆனாலும் அரிசிக்கு வந்துவிடும்.

ஏன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். நாங்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். நெய்கிறவர் ஒருவர் போதாது. கரைக்கென்று குறுக்கு நூல் வைத்த தனி நாடாவைத் தள்ள, பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். அவர் உடலுக்கு நாடா விடுவார், நான் கரைக்குத் தள்ளுவேன். இரண்டு பேரில் ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். பெட்டிக்கு ஆள் வைக்காமல் விட்டது சோம்பலால் இல்லை.

எங்களைப் பார்த்து மற்றவர்களும் பெட்டி வைத்தார்கள். கட்சிப் பேப்பருக்கு ஒன்று, வாரப் பத்திரிகைக்கு ஒன்று, சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கு ஒன்று, லாட்டரிச் சீட்டுக்கு ஒன்று. பிளாட்பாரத்தில் மனிதர் நடக்க இடம் இல்லாமல் போயிற்று. அந்த வருஷத்து வைகாசித் திருவிழாவில், சாமி புறப்பாட்டின்போது குடை பிடித்து வந்தவர் கூட்டத்துக்கு ஒதுங்கி ஓரமாக வந்து ஒரு பெட்டியில் இடறிவிட்டார். குடை சாய்ந்தது. சாமிமேல் படவில்லை. ஆனாலும் ஊரெல்லாம் அதே பேச்சு. இடறியது எங்கள் பெட்டி இல்லை, லாட்டரிப் பெட்டி. ஆனால் சட்டம் வந்தபோது எல்லாப் பெட்டிக்கும் சேர்த்துத்தான் வந்தது.

நகராட்சியிலிருந்து தண்டோரா போட்டார்கள். எங்கள் தெரு முனையில் தண்டோராக்காரர் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பெட்டி வைக்க லைசென்ஸ் வேண்டும். பெட்டி சாக்கடைப் பக்கத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். ஆள் இல்லாமல் நிற்கிற பெட்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள். பக்கத்தில் நிற்கிறவர் பேரில்தான் லைசென்ஸ். அந்தப் பெயர் பெட்டியின் முகப்பில், ரோட்டில் போகிறவர் படிக்கிற மாதிரி, சாண் உயரத்துக்கு எழுதியிருக்க வேண்டும்.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தறிமேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். வீட்டில் நாங்கள் நாலு பேர். மாமியார், என் வீட்டுக்காரர், கல்யாணம் ஆகாத நாத்தனார், நான்.

“யாரு நிக்கறது?” என்றார் மாமியார். “இவன் போய் நின்னா தறியும் நிக்கும்.”

“நான் போறேன்மா,” என்றாள் நாத்தனார்.

“நீ போய் நில்லு. உன்னப் பொண்ணு பாக்க வர்றவன் அங்கயே பாத்துட்டு பஸ் ஏறிடுவான். பஜ்ஜி செலவு மிச்சம்.”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

மாமியார் என்னைப் பார்த்தார். “நாலு எழுத்து தெரிஞ்சவ நீதாம்மா. எது எந்தப் பேப்பருன்னு எங்களுக்கு இன்னா தெரியும். காலைல நீ போ. உன் எடத்துல இவ ஒக்காந்து கரை தள்ளட்டும். வெயில் ஏறினா மிச்சத்த எடுத்துக்கினு வந்துடு.”

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் தவிரத் தெருமுனையைத் தாண்டாதவள். தாமல் கிராமத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போவதானாலும் அவரோடுதான் போவேன். ஆண்கள் நின்று பேப்பர் படிக்கிற இடத்தில் தனியாக எப்படி நிற்பது என்று பயந்தேன். ஆனால் என் பயம் அதோடு போகவில்லை. பெயர் எழுத வேண்டும் என்று சொன்னார்களே, அதுதான்.

எனக்கும் மாமியாருக்கும் ஒரே பெயர். அது அம்பாளின் பெயர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தி அந்தப் பெயரில் இருப்பாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் அது ஒன்றாக அமைந்துவிட்டால் மருமகளின் பெயரை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை அதட்டுகிற மாதிரி ஆகிவிடும் அல்லவா. எனக்குக் கல்யாணத்தன்றே வேறு ஒரு கூப்பிடுகிற பெயர் வைத்துவிட்டார்கள். நானும் மாமியார் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. அப்படியானால் என் பெயரையும் நான் சொல்லக் கூடாது என்றுதான் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கோ அது பெற்ற தாயின் பெயர், கட்டினவளின் பெயர். இரண்டையும் சொல்ல மாட்டார். “இந்தாமே” என்பார், அவ்வளவுதான். இப்படி ஒரு பெயர் எங்கள் வீட்டுக்குள் இருந்தும் இல்லாமல் இருந்தது.

லைசென்ஸ் எழுதப் போனபோது அவர் என் கூப்பிடுகிற பெயரைத்தான் சொன்னாராம். ரேஷன் கார்டில் உள்ள பெயர்தான் எழுதுவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டு, “கார்டுல இருக்கற பேருதான் போடணுமாம்,” என்றார். தறியில் தொங்கிக்கொண்டிருந்த நூலை நாத்தனார் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

கடைசியில் மாமியார்தான் சொன்னார். “எழுதட்டும். அவ பேரும் அதுதானே. நான் இன்னா அத வெல குடுத்தா வாங்கினேன். ஓரமா சின்னதா எழுதச் சொல்லு.”

என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொன்னாராம். ஆனால் எழுதினவர் சினிமாக் கொட்டகைக்கு விளம்பரம் எழுதுகிறவர். பச்சைப் பெட்டியில் மஞ்சள் எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் சிவப்பில் நிழல். இரண்டு பக்கமும் ஒரு தாமரை. படம் ஓடுகிற கதாநாயகியின் பெயர் மாதிரி இருந்தது. முதல்நாள் காலையில் அதைப் பார்த்ததும் வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா என்றுதான் தோன்றியது.

பெட்டிக்கும் சாக்கடைக்கும் நடுவில் நிற்க இடமில்லை. அதனால் முன்பக்கம்தான் நிற்க வேண்டும். எழுத்தை மறைக்கிற மாதிரி நின்றேன். பேப்பர் வாங்க வந்தவர், “ஒத்தும்மா, இன்னா பேப்பருன்னு பாக்கணும்,” என்றார். ஒதுங்கினால் எழுத்து தெரிந்துவிடும். அவர் பேப்பரை எடுத்தார், பெயரைப் படித்தார், என்னைப் பார்த்தார். இது ஒவ்வொருவரிடமும் நடந்தது. பேப்பர், பெயர், நான். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கண்ணைக் கீழே போட்டபடியே காசை வாங்கினேன். யாருடைய செருப்பு எப்படி இருக்கும் என்று பழகிவிட்டது. முகம் ஒன்றும் தெரியாது.

பக்கத்தில் பூக்கட்டி விற்கிற அம்மாள் ஒருவர் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவருக்கு இந்தக் கூச்சமெல்லாம் என்றைக்கோ போய்விட்டது.

“தலைய தூக்கு அம்மாயி,” என்பார். “பேப்பரு வாங்க வர்றவன் பேப்பரப் பாப்பான். உன்னப் பாக்க வர்றவன் காசு குடுக்க மாட்டான். அவ்ளோதான் வித்தியாசம். நீ காசப் பாரு.”

வாலாஜாபாத் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரரை விடச் சின்னவர். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே படியில் தொங்கிக்கொண்டு, எழுதியிருந்த பெயரை அப்படியே உரக்கச் சொல்லிக் கூப்பிட்டு, “ஒரு பேப்பர் குடு,” என்பார். கெட்டவர் இல்லை. கடையில் பெயர் எழுதியிருந்தால் அதைச் சொல்லித்தானே கூப்பிடுவார்கள். ஆனால் என் அப்பாவுக்குப் பிறகு அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கேட்கும்போது உடம்பெல்லாம் சுருங்கிவிடும். என்னைக் கூப்பிடுகிறார் என்பதுகூட இல்லை. என் மாமியாரை யாரோ ஒருவர் நடுரோட்டில் ஒருமையில் அழைக்கிற மாதிரி இருக்கும்.

இது என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் தெருவில் வயதான நெசவாளி ஒருவர், மாமனாருக்குச் சிநேகிதர். மாமனார் தவறிய பிறகும் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். ஒருநாள் தேரடியிலிருந்து பேப்பரோடு வந்தவர் எங்கள் வாசலில் நின்றார்.

“அண்ணி,” என்று கூப்பிட்டார். “நாப்பது வருசமா பக்கத்து வூட்ல இருக்கறேன். உனக்கும் மருமவளுக்கும் ஒரே பேருன்னு தெரியும், அது இன்னான்னு தெரியாது. நம்ம அண்ணன் ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்ல. இன்னிக்கித் தேரடில படிச்சேன். தாமரப்பூ எல்லாம் போட்டு நல்லா பெருசா இருக்குது.”

கேலிக்குத்தான் சொன்னார். மாமியார் சிரிப்பது மாதிரி ஏதோ செய்துவிட்டு உள்ளே வந்தார். நான் கரை நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னைக் கடந்து அடுப்படிக்குப் போனார். திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டாவது இருப்பேன். அன்றைக்கு ராத்திரி சோறு வேண்டாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து கோயிலுக்குத் தேரடி வழியாகப் போவதை விட்டுவிட்டார். குளத்தங்கரைத் தெருவைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் வலியோடு நடந்து போனார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அது தாங்கவில்லை. பேப்பரோடு தினமும் ஒரு விளம்பரத் தாள் வரும். அன்றைய முக்கியச் செய்தி அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். வழக்கமாகப் பெட்டியின் பக்கவாட்டில் தொங்கவிடுவோம். அதை அவர் முகப்பில், பெயரின்மேல் கட்டிவிட்டார். “இது தெரிஞ்சாத்தான் வாங்குவாங்க,” என்றார். அது வியாபாரத்துக்காக இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். எதிரே ஒரு சைக்கிள் கடை இருப்பதே அப்போதுதான் கண்ணில் பட்டது.

சில நாள் அப்படிப் போயிற்று. பிறகு நகராட்சி மேஸ்திரி வந்தார். கையில் ஒரு குச்சி வைத்திருந்தார். அதன் நுனியால் விளம்பரத் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, பேரு எங்க?”

“கீழ இருக்குதுங்க,” என்றேன்.

“கீழ இருக்கறது எனக்குத் தெரியுது. வெளிய இருக்கணும். மூடி வெச்சா பேரு இல்லாத பொட்டிதான். முந்தாநாளே இங்க வந்த ஆளு சொல்லலியா?”

யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தத் தாளை நான் எடுத்திருப்பேனா தெரியாது. பூக்கார அம்மாள் எனக்காகப் பேசினார். “வுடு நாயனா, கூச்சப்படற பொண்ணு. தாள எடுத்துடும்.” மேஸ்திரி கேட்கவில்லை. பேப்பர் உள்ளே இருக்க இருக்கவே பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்கள். வண்டி நகர்ந்தபோது காற்றில் தாள் பறந்துபோய்விட்டது. மஞ்சள் எழுத்து தெருவெல்லாம் தெரிய, ராஜ வீதி வழியாகப் போயிற்று.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கே போய்க் கேட்காவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், தேரடி மூலைக்கு எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். தறியில் இருந்த பாவு முடிகிற நேரம். அடுத்தது எப்போது வரும் என்று முதலாளி வீட்டில் சொல்லவில்லை. பெட்டி போனால் அடுப்பு இல்லை. என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து ஏறிச் சட்டையை மாட்டினார். நான் பின்னால் கிளம்பினேன். மாமியார் செருப்பைப் போட்டுக்கொண்டு, “நானும் வரேன்,” என்றார்.

நகராட்சிக் கொட்டடியில் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். எங்களுடையது மேலே, முகப்பு வெளியே தெரிகிற மாதிரி. பெட்டி கேட்டு வந்த ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மேஸ்திரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பச்சைப் பொட்டி என்னுது சார்,” என்றார் என் வீட்டுக்காரர்.

“பேரு சொல்லு.”

இவர் தன் பெயரைச் சொன்னார்.

“உன் பேரு இல்லய்யா. பொட்டில இருக்கற பேரு.”

“அதுல எழுதியிருக்குது சார். பாத்துக்கோங்க.”

“எனக்குப் படிக்கத் தெரியும். நீ சொல்லு. உன் பொட்டின்ற, பேரு சொல்ல மாட்டேன்ற. இன்னாய்யா, எங்கனா தள்ளிக்கினு வந்ததா?”

நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் காது சிவந்துபோயிற்று. நேர்மையாக நெய்து பிழைக்கிற மனிதர், திருடனைப் போல வாயை மூடிக்கொண்டு நின்றார். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார்.

“நீதானேம்மா காலைல நின்னது. நீ சொல்லு. உன் பேரு இன்னா?”

சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் மாமியார் நிற்கிறார். அவர் முகத்துக்கு நேரே அவர் பெயரை நான் எப்படிச் சொல்வது. என் பெயர்தான் என்று மனதுக்குத் தெரிகிறது, நாக்குக்குத் தெரியவில்லை. “அம்பாள் பேருங்க,” என்றேன்.

“எந்த அம்பாள்? இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு அம்பாள் இருக்குது.”

மறுபடியும் சிரிப்பு. நான் கோயில் இருக்கிற திசையைக் கையால் காட்டினேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வளர்ந்த பொம்பளை, அஞ்சு வகுப்பு படித்தவள், தன் பெயருக்கு விரலைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது மாமியார் முன்னால் வந்தார். அந்தப் பெயரை நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். எங்கள் மூன்று பேரில் அதைச் சொல்லக் கூடியவர் அவர் ஒருவர்தான். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவர் தன் பெயரைத் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பெற்ற மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது என் பேருதான்,” என்றார் மாமியார். “இன்னா இப்போ?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். “காலைல நின்னது இந்தப் பொண்ணாச்சே.”

“நாளைலேர்ந்து நான் நிக்கறேன். பேரு சரியா இருக்குதா இல்லியா, அதச் சொல்லு.”

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்று மேஸ்திரிக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும், “யாரு நின்னா எனக்கென்னா. பேரும் ஆளும் இருக்கணும், அவ்ளோதான். தாளு கீளு தொங்கவுடாத ஆயா,” என்று சொல்லி, பெட்டியை இறக்கச் சொன்னார். என் வீட்டுக்காரரும் ஓர் ஆளும் பிடித்து இறக்கினார்கள்.

மறுநாளிலிருந்து மாமியார்தான் தேரடியில் உட்கார்ந்தார். நிற்க முடியாது, முழங்கால் வலி. ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டார். எது எந்தப் பேப்பர் என்று தெரியாததால் வாங்குகிறவர்களே எடுத்துக்கொள்வார்கள். குளத்தங்கரையைச் சுற்றிப் போனவர், காலையிலிருந்து உச்சிவெயில் வரை அதே பெயருக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் வீட்டு நிழலில் என் பழைய இடத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளினேன். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்ததோ அவ்வளவு வெட்கமாக இருந்தது. இரண்டையும் பிரிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

முதல் வாரத்தில் ஒருநாள் அவருக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போனேன். தூக்கைக் கீழே வைக்கும்போது வாலாஜாபாத் பஸ் திரும்பியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எப்போதும் போல அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்தோம். தன் பாட்டி வயதுக்காரரை அப்படிக் கூப்பிட்டோமே என்று அவருக்கே சங்கடமாகிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இன்னாபா, எந்தப் பேப்பரு? வந்து நீயே எடுத்துக்கோ,” என்றார் மாமியார். கண்டக்டர் எடுத்துக்கொண்டு போனதும் என்னைப் பார்க்காமலே, “கூழ வெச்சிட்டு நீ போம்மா. அங்க கரை நிக்குது,” என்றார்.

நான் போய்விட்டேன். பூக்கார அம்மாள் ஏதோ சொன்னார், நிற்கவில்லை. தெரு முனை வரும் வரை யார் முகத்தையும் பார்க்காமல் வேகமாக நடந்தேன். அன்றைக்கு என்னைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. ஆனாலும் முந்தானையை இழுத்துக்கொண்டுதான் நடந்தேன்.

குடை சாய்ந்தது சாமி புறப்பாட்டிலா, தேரன்றா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. பெயரைச் சாண் உயரத்துக்கு எழுதச் சொன்னது அந்தத் தண்டோராவிலேயா, அதற்கு அடுத்த வருஷமா என்பதும் நிச்சயமில்லை. லாட்டரிச் சீட்டு அப்போதே வந்துவிட்டதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். தேரடியில் அந்த நாளில் கடை வைத்திருந்தவர்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், இதைப் படித்துப் பார்த்துத் தவறான இடங்களைத் திருத்திக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.